அந்தச் சமையல் மேடை யாருக்குக் கட்டியது

வீட்டுக் கடன் கொடுக்கும் தனியார் கம்பெனி ஒன்றில் பெங்களூரில் பல வருடம் வேலை பார்த்தேன். மனு போடுகிறவர்களைச் சந்தேகப்படுவதுதான் என் வேலை. அவர் சொல்லும் ஆபீஸுக்குப் போய், அங்கே உண்மையிலேயே அப்படி ஒருவர் வேலை பார்க்கிறாரா என்று விசாரிப்பேன். அவர் வாங்கப் போகும் வீட்டுக்குப் போய்ச் சுவரைத் தட்டிப் பார்ப்பேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் பேச்சுக் கொடுப்பேன். எல்லோரிடமும் சிரித்துப் பேச வேண்டும், சொல்வதில் எதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

"வீட்டுக்கு வந்தா அந்த மூஞ்சியக் கழட்டி வையுங்க" என்பாள் என் மனைவி. "பால்காரரு ஊருக்குப் போறேன்னு சொன்னாக்கூட எந்த ஊருக்குன்னு கேக்குறீங்க."

இந்தக் குணம் வேலையால் மட்டும் வந்ததல்ல. குடியாத்தத்திலிருந்து நான் பெங்களூருக்கு வந்தது தொண்ணூற்றொன்றில். அந்த வருடக் கடைசியில் காவிரித் தண்ணீரை வைத்து ஊரில் கலவரம் வந்தது. கையிலிருந்த தமிழ் வாரப் பத்திரிகையை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். யாராவது எந்த ஊர் என்று கேட்டால், ஏன் கேட்கிறார் என்று யோசித்த பிறகே பதில் சொன்னேன். ஊர் சில நாளில் பழையபடி ஆகிவிட்டது. கேட்கிறவர் ஏன் கேட்கிறார் என்ற யோசனை மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கினோம். தமிழில் வலைப்பதிவு எழுதுவது அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து, வேலையில் நான் பார்த்த வீடுகளைப் பற்றி ஒரு புனைபெயரில் எழுத ஆரம்பித்தேன். பூச்சு காயாத சுவர், மாப்பிள்ளை பார்க்க வந்த மாதிரி என்னை உபசரிக்கும் குடும்பங்கள், கதவு வைக்கும் முன்பே வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரும் பெண்கள். ஆட்களின் பெயரோ தெருவின் பெயரோ கம்பெனியின் பெயரோ போட மாட்டேன். துபாயிலும் அமெரிக்காவிலும் இருந்த தமிழர்கள் படித்துவிட்டு 'அருமை' என்று பின்னூட்டம் போடுவார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஊழியர்கள் கம்பெனி விவகாரங்களை இன்டர்நெட்டில் எழுதக் கூடாது, மீறினால் வேலை போகும். பக்கத்து நாற்காலிக்காரன் அதைச் சத்தமாகப் படித்தான். அவன் பெங்களூர் அல்சூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழன். மேனேஜரோடு கன்னடத்தில் பேசிவிட்டு அதே மூச்சில் என்னிடம் தமிழில் பேசுவான். பெங்களூர் வழக்கப்படி யாரையும் 'குரு' என்றுதான் கூப்பிடுவான்.

"இன்டர்நெட்ல எழுதக் கூடாதாம் குரு. நம்ம ஆபீஸ்ல யாருக்கு அவ்ளோ டைம் இருக்கு?" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

ஏன் என்னைப் பார்த்தான் என்று சாயங்காலம் வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த மாதம் ஒரு நர்ஸ் மனு கொடுத்திருந்தார். கோலார் தங்கவயல் தமிழ்க் குடும்பம். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்து இறந்தவர். சுரங்கம் மூடிய பிறகு அம்மாவைக் கூட்டிக்கொண்டு பெங்களூருக்கு வந்து, விவேக் நகரில் வாடகைக்கு இருந்தார். அதே பகுதியில், சர்ச்சுக்குப் பின்னால் ஒரு சந்தில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த கட்டிடத்தில், மூன்றாவது மாடி ஃபிளாட் ஒன்றைப் பேசி முடித்து முன்பணமும் கொடுத்திருந்தார். நான் வீட்டைப் பார்க்கப் போனது ஒரு வியாழக்கிழமை. வியாழன்தோறும் சர்ச்சுக்கு வரும் கூட்டம் சந்து வரை நின்றது. மெழுகுவர்த்தி விற்பவர்களைத் தாண்டி உள்ளே போவதற்குள் சட்டை வேர்வையில் நனைந்துவிட்டது.

கட்டிடத்தில் லிஃப்ட் இன்னும் வைக்கவில்லை. அதற்கு விட்டிருந்த குழியைப் பலகையால் மூடியிருந்தார்கள். நர்ஸும் பில்டரும் எனக்கு முன்னால் படியேறினார்கள். நர்ஸ் நல்ல உயரம். பில்டர் தடித்த, சாந்தமான மனிதர். நாம் ஒன்றைக் கேட்டு முடிப்பதற்குள் "ஆமா சார், கரெக்ட்டு சார்" என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர்களை நான் எப்போதும் இன்னொரு முறை பார்ப்பேன்.

வீட்டில் குறையில்லை. சமையலறைக்குள் நுழைந்ததும்தான் நின்றேன். சமையல் மேடை சாதாரண உயரத்தில் இல்லை. என் தொடை அளவுக்குத்தான் இருந்தது. அதற்கு ஏற்றபடி பாத்திரம் கழுவும் தொட்டியும் கீழே இருந்தது. சுவிட்ச் பெட்டிகூட வழக்கமான இடத்தில் இல்லாமல் இடுப்புக்குக் கீழே இருந்தது.

"இது ஏன் இவ்ளோ கீழ இருக்கு?" என்று கேட்டேன்.

"மேஸ்திரி தப்புப் பண்ணிட்டான் சார். ஒடச்சு ஏத்திக் கட்டித் தந்துடுறேன்னு மேடத்துகிட்ட சொல்லிட்டேன்."

நர்ஸ் மேடை மேல் கை வைத்துக் குனிந்து காட்டினார். "எங்கம்மாவுக்கே இடுப்பு ஒடிஞ்சிடும் சார். ஆனா வீடு புடிச்சிருக்கு. சர்ச் மணி இங்கருந்தே கேக்குது."

கீழே இறங்கும்போது அந்த மேடை என் மனதில் நின்றுவிட்டது. தப்பாகக் கட்டிய வேலை போல அது இல்லை. கல் நேராக இருந்தது, ஓரம் வழவழப்பாக உருட்டி எடுக்கப்பட்டிருந்தது. அடியில் கால் நுழைக்க இடம் விட்டிருந்தார்கள். யாரோ யோசித்துக் கட்டச் சொன்ன மாதிரி இருந்தது. ஆனால் என் வேலைக்குத் தேவையான எல்லாமே சரியாக இருந்தன. பத்திரங்களைப் பார்த்த எங்கள் வக்கீலின் அறிக்கையும் சுத்தமாக வந்தது. மேடை தாழ்ந்திருக்கிறது என்று எழுதிக் கடனை நிறுத்த முடியாது.

ஞாயிற்றுக்கிழமை அதை, உடைத்து ஏற்றிக் கட்டப் போகிறார்கள் என்பதையும் சேர்த்து, வலைப்பதிவில் எழுதினேன். நின்று சமைப்பவருக்கு அந்த மேடை ஆகாது, தரையில் உட்கார்ந்து சமைப்பவருக்கும் ஆகாது, அப்படியானால் அது யாருக்கு என்று கேட்டு முடித்திருந்தேன். ஊர் பெங்களூர் என்பதற்கு மேல் எந்த அடையாளமும் வைக்கவில்லை.

இரண்டொரு நாளில் பெயரில்லாத ஒரு பின்னூட்டம் வந்தது.

'தயவுசெய்து அந்த மேடையை உடைக்க விடாதீர்கள். உயரத்தை அளந்து கொடுத்தது நான்தான். சுவிட்சும் தாழ்வாகத்தானே இருக்கிறது?'

என் பதிவை மறுபடி திறந்து வரி வரியாகப் படித்தேன். சுவிட்சைப் பற்றி நான் ஒரு வார்த்தை எழுதவில்லை. இதை எழுதியவர் அந்தச் சமையலறைக்குள் நின்றிருக்கிறார். என் வலைப்பதிவும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

யாராக இருக்கும் என்று ஒவ்வொருவராக எடுத்துப் பார்த்தேன். பில்டருக்குத் தமிழ் வலைப்பதிவெல்லாம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நர்ஸ் மேடையை உடைக்கச் சொல்கிறவர், உடைக்காதே என்று எழுத மாட்டார். மிச்சம் இருந்தது பக்கத்து நாற்காலிக்காரன்தான். அதே கட்டிடத்தில் வேறொரு ஃபிளாட்டுக்கு அவன் போய்விட்டு வந்திருக்கிறான். மேலே ஏறிப் பார்த்திருக்கலாம். சுற்றறிக்கையைப் படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தவன். பதில் எழுதினால் நான் மாட்டிக்கொள்வேன் என்று தூண்டில் போடுகிறான் என்று முடிவு கட்டினேன்.

அதன் பிறகு அவன் டீ வாங்கி வந்தால்கூட எனக்கு வேண்டாம் என்றேன். அவன் என் பக்கம் திரும்பினால் கம்ப்யூட்டரில் வேறு பக்கத்தைத் திறந்தேன். "இன்னா ஆச்சு உனக்கு, உடம்பு சரியில்லயா?" என்று அவன் கேட்டதையும் விசாரணையாகவே எடுத்துக்கொண்டேன்.

நானும் ஒரு தூண்டில் போட்டேன். அடுத்த பதிவில், அந்தச் சமையலறை ஜன்னலைத் திறந்தால் பழைய கிணறு ஒன்று தெரியும் என்று வேண்டுமென்றே பொய்யாக எழுதினேன். உடனே பதில் வந்தது.

'கிணறு இல்லை. பக்கத்து மாடியில் புறாக்கூண்டு இருக்கிறது. நீங்கள் என்னைச் சோதிக்கிறீர்கள் என்று புரிகிறது. எனக்கும் உங்கள் மேல் நம்பிக்கை இல்லை. நேரில் பேசலாமா?'

கூடவே ஒரு மின்னஞ்சல் முகவரி. எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அல்சூர் ஏரிக்கரைக்கு வரச் சொல்லிப் பதில் வந்தது. பக்கத்து நாற்காலிக்காரனின் வீடு அங்கிருந்து நடக்கிற தூரம். எனக்கு இருந்த கொஞ்ச நஞ்ச சந்தேகமும் தீர்ந்தது, அவன்தான்.

போக வேண்டாம் என்று மனைவி சொன்னாள். "ஆபீஸ் ஆளா இருந்தா வேலை போவும். பில்டர் ஆளா இருந்தா அடி வுழும். எதுக்கு?" அவள் சொன்னது சரிதான். ஆனால் அந்த மேடை யாருக்கு என்று தெரியாமல் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடவும் மனமில்லை.

சொன்ன நேரத்துக்கு முன்பே போய், ஏரிக்கு எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நிற்பவன் போல நின்றேன். பக்கத்து நாற்காலிக்காரன் வரவில்லை. பின்னால் இரண்டு துணைச் சக்கரம் வைத்த ஒரு ஸ்கூட்டர் வந்தது. ஓட்டி வந்தவர் ஒரு பெண். பின்னால் கணவர். ஏரிக் கதவுக்குப் பக்கத்தில் நிறுத்தி, அவர் முதலில் இறங்கி ஊன்றுகோலை எடுத்துக் கொடுத்தார். அந்தப் பெண் ஒரு காலை இழுத்து வைத்து, மெல்ல நடந்து சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்த உயரத்தில் அவருடைய முழங்கை எங்கே நிற்கிறது என்று ரோட்டுக்கு இந்தப் பக்கமிருந்தே பார்த்தேன். எதையும் கேட்காமலே எனக்கு விளங்கிவிட்டது.

இருந்தாலும் உடனே போகவில்லை. வேறு யாராவது அவர்களோடு வந்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் ரோட்டைத் தாண்டினேன்.

கணவர் எழுந்து எனக்கும் மனைவிக்கும் நடுவில் நின்றார். அத்திபெலேயில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர், தர்மபுரிக்காரர். "நீங்க பில்டர் ஆளா?" என்று கேட்டார்.

"இல்ல. லோன் கம்பெனி."

"அத எப்பிடி நம்புறது?"

அடையாள அட்டையைக் காட்டினால் பெயரும் கம்பெனியும் தெரிந்துவிடும். தயங்கினேன். நான் தயங்கியதைப் பார்த்து அவர் மனைவியின் கையைப் பிடித்தார். "வா, போலாம்."

"இருங்க" என்றார் அந்தப் பெண். என்னைப் பார்த்து, "சிங்க்குக்கு மேல டைல்ஸ் என்ன கலருங்க?" என்று கேட்டார்.

"இளம்பச்சை. நடுவுல ஒரு வரிசை மட்டும் வெள்ளை."

"பச்சை நான் கேட்டது. வெள்ளை நான் கேக்கல" என்றார். "பின்னூட்டம் எழுதினது நான்தாங்க. இவரு அதெல்லாம் படிக்க மாட்டாரு. நான் ஸ்கூல்ல கணக்கு டீச்சர். பெங்களூர்னு போட்டு யார் எழுதினாலும் படிப்பேன். உங்க பதிவ ரொம்ப நாளாவே படிக்கிறேன்."

பிறகு நடந்ததைச் சொன்னார்கள். கட்டிடம் தூண் மட்டும் நின்றபோதே அந்த மூன்றாவது மாடி ஃபிளாட்டைப் பேசி, இரண்டு பேரின் சேமிப்பிலிருந்து பெரும்பகுதிப் பணத்தைக் கொடுத்து ஒப்பந்தம் எழுதியிருந்தார்கள். லிஃப்ட் வரும் என்பதால்தான் மூன்றாவது மாடி. அந்தப் பெண் தன் வீட்டில் ஸ்டூலில் உட்கார்ந்து, கணவரைத் தரையிலிருந்து அளக்கச் சொல்லி, மேடைக்கும் தொட்டிக்கும் சுவிட்சுக்கும் அளவு கொடுத்திருக்கிறார். கட்டி முடித்ததும் கணவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். புறாக்கூண்டைச் சொன்னது அவர்தான். பிறகு பில்டர் அவர்களை வர விடவில்லை. லிஃப்ட் வந்ததும் சொல்கிறேன், அதுவரை மேடத்தை எதற்கு அலைய வைக்கிறீர்கள் என்று ஒவ்வொரு தடவையும் அக்கறையாகப் பேசியிருக்கிறார்.

"என்னால படியேற முடியாதுன்னு அவருக்குத் தெரியும்" என்றார் அந்தப் பெண். "அதனாலதான் தைரியமா வித்திருக்காரு."

அந்த ஒப்பந்தம் பதிவு செய்யாத ஒன்று. அதனால்தான் எங்கள் வக்கீலின் தேடலில் அது வரவில்லை. ஒப்பந்தத்தை எனக்குக் காட்டினார்கள். ஆனால் கையில் கொடுக்கவில்லை. கணவர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். அவர் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் பிடித்திருப்பேன்.

திங்கட்கிழமை மேனேஜரிடம் போனேன். அவர் மைசூர்ப் பக்கத்துக்காரர். எதையும் இரண்டு தடவை கேட்பார். கடனை நிறுத்த வேண்டும், ஃபிளாட்டை இரண்டு பேருக்கு விற்றிருக்கிறார்கள் என்றேன்.

"உனக்கு யார் சொன்னது?"

"முதல்ல வாங்கினவங்களே சொன்னாங்க சார்."

"அவங்களுக்கு நீ யாருன்னு எப்படித் தெரியும்? இந்த ஃபைல் உன்கிட்ட இருக்குன்னு யார் சொன்னது?"

அவர் பார்வை எனக்குப் பழக்கமானது. மனு போடுகிறவர்களை நான் பார்க்கும் அதே பார்வை. பில்டரின் போட்டியாளரிடம் நான் எதையோ வாங்கிக்கொண்டு வந்து பேசுகிறேன் என்று அவர் நினைப்பது முகத்திலேயே தெரிந்தது. வேறு வழியில்லாமல் வலைப்பதிவைப் பற்றிச் சொன்னேன்.

அவர் தன் கம்ப்யூட்டரில் அதைத் திறக்கச் சொன்னார். எழுத்தைப் பார்த்துவிட்டு, "ஏன்ரீ இது, என்னய்யா இது, பூரா தமிழா?" என்றார். நானே கன்னடத்தில் சொல்லிக்கொண்டு வந்தேன். பாதியில் நிறுத்தினார். "நீ எதை விட்டுட்டுப் படிக்கிறேன்னு எனக்கு எப்படித் தெரியும்? அவனைக் கூப்பிடு."

பக்கத்து நாற்காலிக்காரன் வந்தான். என்னைப் பற்றி எல்லாம் தெரிந்தவன் போல நிற்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் திரையைப் பார்த்தான், மேனேஜரைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான்.

"சார், நனகே தமிழ் ஓதக்கே பரல்ல" என்றான். தமிழ் படிக்கத் தெரியாது என்று அதற்கு அர்த்தம்.

பிறகு என் பக்கம் திரும்பி, "கன்னட மீடியம் குரு நானு. வூட்ல பேசறதோட சரி. எங்கப்பாவே பஸ் போர்ட கன்னடத்துலதான் படிப்பாரு. இதெல்லாம் நீ எழுதினதா?" என்றான். அவன் குரலில் ஆச்சரியத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. நான் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மேனேஜர் திரையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். "இதுல என்னைப் பத்தி இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் நம்பினாரா என்று இன்றுவரை தெரியாது. "சரி, நட. வீட்டைப் பார்ப்போம்" என்று எழுந்தார்.

டீச்சர் தம்பதி, நர்ஸ் என்று இரண்டு தரப்பையும் போனில் அங்கே வரச் சொன்னோம். பில்டருக்கு மட்டும், மேனேஜர் சும்மா ஒரு முறை பார்க்க வருகிறார் என்று சொன்னோம். சமையலறையில் மேனேஜரிடம் பில்டர் அதே மேஸ்திரி கதையைச் சொன்னார். மேனேஜர் மேடையைத் தொட்டுப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். பிறகு சுவிட்ச் பெட்டியில் விரலை வைத்தார்.

"மேடை கட்டினது மேஸ்திரி. ஒயரிங் பண்ணினது எலக்ட்ரீஷியன். பைப் போட்டது பிளம்பர். மூணு பேரும் ஒரே மாதிரி தப்புப் பண்ணாங்களா?"

பில்டர் பதில் சொல்வதற்குள் கீழே ஊன்றுகோல் சத்தம் கேட்டது.

அந்தப் பெண் படியேறி வந்துகொண்டிருந்தார். கணவர் தூக்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றிருக்கிறார். பக்கச்சுவரில் ஒரு கை, ஊன்றுகோலில் ஒரு கை. முதல் மாடிக்கு அப்புறம் கால் வராமல், படியில் உட்கார்ந்து, பின்பக்கமாகக் கைகளை ஊன்றி ஒவ்வொரு படியாக ஏறினார். நாங்கள் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.  பில்டர் மட்டும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு பால்கனிப் பக்கம் போனார்.

அந்தப் பெண் வந்து சேர்ந்தபோது சேலையெல்லாம் சிமெண்ட் தூசி. கூலிக்காரர்கள் சாந்துச் சட்டி வைக்கும் ஒரு மரப் பெட்டியைக் கணவர் இழுத்துப் போட்டார். டீச்சர் அதில் உட்கார்ந்து, கால்களை மேடைக்கு அடியில் நுழைத்து, இரண்டு கைகளையும் கல்லின் மேல் வைத்தார். முழங்கை சரியாகப் படிந்தது. கையை நீட்டினார், தொட்டிக் குழாய் எட்டியது. பக்கத்தில் நீட்டினார், சுவிட்ச் எட்டியது.

வாசலில் நர்ஸ் நின்றிருந்தார். டியூட்டியிலிருந்து நேராக வந்திருந்தார். அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தவர், பிறகு என்னைப் பார்த்தார்.

"இது முன்னாடியே உங்களுக்குத் தெரியுமா சார்?"

"தெரியாதும்மா. நேத்துதான் தெரிஞ்சுது."

"நேத்து இவங்கள எங்க பாத்தீங்க?"

ஏரிக்கரையில் என்றேன். அப்படிச் சொன்னதும், அது எப்படிக் கேட்கிறது என்று எனக்கே புரிந்தது.

"லோன் ஆபீசரு ஏரிக்கரையில போய்ப் பேசுவாரா?" என்றார் நர்ஸ். அவர் குரல் உயரவில்லை. "நானும் கடன் வாங்கி அட்வான்ஸ் குடுத்திருக்கேன். எங்கம்மா இங்க ரூமுக்கு ரூம் செபம் பண்ணிட்டுப் போயிருக்காங்க. இப்ப நீங்க எல்லாரும் சேந்து பேசி வச்சிட்டு என்னக் கூப்பிடறீங்க."

வலைப்பதிவு, பின்னூட்டம் என்று விளக்க முயன்றேன். சொல்லச் சொல்ல அது இன்னும் கட்டுக்கதையாகவே ஆனது. கணக்கு டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நர்ஸ் அவர் பக்கம் திரும்பி, "உங்கமேல எனக்குக் கோவம் இல்லங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மேனேஜர் பால்கனிக்குப் போய் பில்டரிடம் பேசினார். என்ன பேசினார் என்று முழுதாகக் கேட்கவில்லை. நர்ஸின் பணம் திரும்பி வரும்வரை அந்தக் கட்டிடத்தில் எந்த ஃபிளாட்டுக்கும் எங்கள் கம்பெனி கடன் தராது என்பது மட்டும் காதில் விழுந்தது. பில்டர் அப்போதும் "ஆமா சார், கரெக்ட்டு சார்" என்றுதான் சொன்னார்.

ஃபிளாட் டீச்சர் தம்பதிக்கே பதிவானது. நர்ஸின் பணம் ஒரேயடியாக வரவில்லை, இழுத்து இழுத்து வந்து சேர்ந்தது. மேனேஜர் என்னை வேலையிலிருந்து அனுப்பவில்லை. அந்தப் பதிவுகளை எடுத்துவிட வேண்டும், இனிமேல் வீடுகளைப் பற்றி எழுதக் கூடாது என்றார். எடுத்துவிட்டேன். கூடவே பின்னூட்டங்களும் போயின. அதன் பிறகு பஸ், மழை, காய்கறிக் கடை என்று எழுதிப் பார்த்தேன். படிக்கிறவர்கள் குறைந்தார்கள். எனக்கும் ருசி குறைந்தது. ஒரு கட்டத்தில் பாஸ்வேர்டே மறந்துபோனது.

பக்கத்து நாற்காலிக்காரனோடு டீ குடிக்கப் போக எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. நான் அவனைச் சந்தேகப்பட்டதைச் சொல்லவில்லை. எனக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது என்றே அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வருடம் நர்ஸ் மறுபடி எங்கள் ஆபீஸுக்கு வந்தார். அத்திபெலேயில், ஓசூர் போகும் வழியில் ஒரு சின்னத் தனி வீடு பார்த்திருந்தார். என்னைப் பார்த்தும் பார்க்காதவர் போலப் பக்கத்து நாற்காலிக்காரன் முன்னால் உட்கார்ந்தார். அவன் லீவில் போகவிருந்ததால் ஃபைல் என்னிடமே வந்தது. அதைச் சொன்னதும் அவர் முகம் இறுகியது.

"நீங்க வீட்டப் பாக்கப் போறப்ப நானும் வருவேன்" என்றார்.

"வாங்க. அதுதான் வழக்கம்."

"பாத்துட்டுத் திரும்பற வரைக்கும் கூடவே இருப்பேன். நடுவுல நீங்க தனியா யாருகிட்டயும் பேசக் கூடாது."

சரி என்றேன். பஸ்ஸில் அத்திபெலேக்குப் போனோம். அவர் எனக்கு முன் சீட்டில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தார். அவ்வப்போது திரும்பி நான் இருக்கிறேனா என்று பார்த்தார். போய்ச் சேர்ந்ததும்தான் எனக்கு முன்பே அவர் என்னென்ன செய்திருக்கிறார் என்று தெரிந்தது. அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்காரர்களுக்கும் அவரைத் தெரிந்திருந்தது. மளிகைக் கடைக்காரர் "மறுபடி வந்துட்டீங்களா சிஸ்டர்?" என்றார். விற்கிறவர் யார், எத்தனை காலமாக இருக்கிறார், இதற்கு முன் யாராவது வீடு பார்க்க வந்தார்களா என்று தெரு முழுக்கக் கேட்டு முடித்திருந்தார். விற்கிறவரின் மருமகளிடம் தனியாக, மாமனாரிடம் தனியாக ஒரே கேள்வியைக் கேட்டுப் பதில் ஒத்துப்போகிறதா என்றும் பார்த்திருந்தார்.

நான் சுவரைத் தட்டினால் அவரும் அதே இடத்தில் தட்டினார். நான் குறிப்பு எழுதினால் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"என்ன எழுதுறீங்க?"

"தண்ணித் தொட்டி மாடியில இருக்குன்னு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாம்மா."

அவர் அம்மா அதற்குள் பின்பக்கம் போய், பழைய வழக்கம்போல அறை அறையாகச் செபம் சொல்ல ஆரம்பித்திருந்தார். "அம்மா, பணம் கட்டினப்புறம் செபம் பண்ணிக்கலாம்" என்று நர்ஸ் உள்ளே குரல் கொடுத்தார். செபம் நின்றது.

கடன் கிடைத்தது. அந்த வீட்டில்தான் குடியேறினார்கள். பாதிரியாரை வைத்துச் செய்த வீடு மந்திரிப்புக்கு ஆபீஸில் சிலரை அழைத்தார், என்னை அழைக்கவில்லை. அது எனக்கு வருத்தமாக இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் சாவி வாங்கிய அன்று எனக்கு ஒரு போன் செய்தார். ஹலோ சொல்லவில்லை, நன்றி சொல்லவில்லை.

"சார், வீட்டுச் சாவி ஒண்ணுதான் குடுத்தாங்க. இன்னொண்ணு வித்தவரு கையில இருக்குமோ?"

"பூட்டையே மாத்திடுங்கம்மா" என்றேன்.

"மாத்திட்டேன். நீங்க என்ன சொல்றீங்கன்னு பாத்தேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.